வாயில்லா ஜீவனும் வீட்டின் நியமமும்

மகாபாரதத்தின் ஆதி பர்வத்தில், பாண்டவர் கதை தொடங்குவதற்கு வெகு முன்பே ஒரு நாய்க்குட்டியின் அழுகை கேட்கிறது. ஜனமேஜய மன்னன் தன் சகோதரர்களுடன் குருக்ஷேத்திரத்தில் நெடுநாள் வேள்வி ஒன்றை நடத்திக்கொண்டிருக்கிறான். தேவர்களின் நாயாகிய சரமையின் குட்டி வேள்விச்சாலைக்கு அருகே வருகிறது. மன்னனின் தம்பியர் அதை அடித்து விரட்டுகின்றனர். குட்டி அழுதுகொண்டே தாயிடம் ஓடுகிறது. அவிசைத் தான் நக்கவுமில்லை, அதன் பக்கம் பார்க்கவுமில்லை என்று முறையிடுகிறது. சரமை நேரே வேள்விச்சாலைக்கு வந்து, குற்றமற்ற குழந்தையை அடித்த காரணம் என்ன என்று கேட்கிறாள். எவரும் பதில் சொல்லவில்லை. காரணமின்றி அடித்தவர்களுக்குக் கண்ணுக்குப் புலப்படாத அச்சம் வந்து சேரும் என்று சபித்துவிட்டு அவள் போய்விடுகிறாள். வேள்வி முடிந்து ஊர் திரும்பிய மன்னன், அந்தச் சாபத்தைத் தணிக்கவல்ல புரோகிதர் ஒருவரைத் தேடி அலைய நேர்கிறது.

இக்கதையில் கவனிக்கத்தக்கது, அடியைக் காட்டிலும் அதற்குப் பின் வந்த மௌனமே. கேட்டபோது சொல்வதற்கு அவர்களிடம் காரணம் எதுவும் இருக்கவில்லை. வேள்வி என்னும் நற்செயலில் ஈடுபட்டிருந்தவர்கள், அந்தக் கணத்தில் எழுந்த எரிச்சலைக் கையில் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். காலையில் பூஜையறையில் அமர்ந்து ஜபம் செய்யும் இல்லறத்தாரின் வீட்டிலும் இது நடக்கக்கூடியதே.

நாயோ பூனையோ வளர்க்கும் வீடுகளில், 'இன்று அதற்கு மூடு சரியில்லை' என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். நேற்றுவரை மடியில் உறங்கிய பூனை இன்று தொட்டால் சீறுகிறது. வாசல்வரை ஓடிவந்து வரவேற்கும் நாய் மூலையில் முகம் திருப்பிப் படுத்திருக்கிறது. வைத்த உணவு வைத்தபடியே இருக்கிறது. 'மூடு' என்று சொல்லியாயிற்று. அத்துடன் விசாரணை முடிந்துவிடுகிறது. மனிதர் தம்மைப்பற்றிப் பேசும்போதும் இதே சொல்லையே துணைக்கு அழைக்கின்றனர். தியானத்தில் அமரவில்லையா? மூடு இல்லை. மனைவியிடமோ மக்களிடமோ சீறி விழுந்தாயிற்றா? மூடு சரியில்லை. மழையும் வெயிலும் போல மனநிலை எங்கிருந்தோ வருகிறது, எங்கோ போகிறது என்ற எண்ணம் இதன் பின்னே இருக்கிறது.

காரணமின்றிக் காரியமில்லை என்பது நம் சாஸ்திரங்களின் அடிப்படை. வாயில்லா ஜீவனின் சுணக்கத்திற்குக் காரணம் தேடப் பழகியவருக்கு, தம் சுணக்கத்தின் காரணமும் நாளடைவில் தென்படத் தொடங்கும். பல சமயங்களில் இரண்டும் ஒரே இடத்தில், அந்த வீட்டின் ஒழுங்கற்ற அன்றாட நடப்பில், அகப்படும்.

முதலில் நோய்

யோக சூத்திரத்தின் முதல் பாதத்தில், மனத்தைச் சிதறச் செய்யும் ஒன்பது இடையூறுகளைப் பதஞ்சலி முனிவர் வரிசைப்படுத்துகிறார். ஐயம், சோம்பல், புலனின்ப நாட்டம் போன்றவை அவற்றுள் உண்டு. ஆயினும் வரிசையின் தலையில் அவர் வைத்திருப்பது வியாதி. மனம் நிலைகொள்ளாதபோது முதலில் உடலைப் பார்க்க வேண்டும் என்ற அறிவுரையாக இதைக் கொள்ளலாம்.

வீட்டுப் பிராணிகளின் விஷயத்தில் இந்த வரிசைமுறை உயிரையே காக்கும். பூனை தன் வலியை வெளிக்காட்டாமல் மறைக்கும் இயல்புடையது. கட்டிலுக்கு அடியில் ஒளிந்து கிடப்பது, உடலை நக்கித் தூய்மை செய்வதை விட்டுவிடுவது, வழக்கமாகத் தாவி ஏறும் ஜன்னல் திண்டின் பக்கம் போகாமலிருப்பது ஆகியவையே அதன் முனகல்கள். மணல் தட்டை விட்டுத் துணிமீதும் தரையிலும் சிறுநீர் கழிக்கும் பூனையைப் பிடிவாதம் பிடிப்பதாக எண்ணிப் பலர் அடிக்கின்றனர். சிறுநீர்ப்பையில் அழற்சியோ கல்லோ இருக்கும் பூனை, வலித்த இடமாகவே அந்தத் தட்டை நினைவில் கொண்டு வேறிடம் தேடிப் போகக்கூடும். ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை முற்றிலும் அடைபட்டால் ஓரிரு நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். தட்டில் மீண்டும் மீண்டும் அமர்ந்து, ஒன்றும் வராமல் எழுந்துவிடும் பூனையை உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

தலையைத் தடவப் போனால் கடிக்க வரும் நாய்க்குக் காதினுள் சீழ் கோத்திருக்கலாம். மாடிப்படி ஏற மறுக்கும் நாய்க்கு இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கலாம். உண்ணி கடித்ததால் வரும் காய்ச்சல், சொத்தைப் பல் என்று இவ்வரிசை நீளும். பருவகாலமும் ஒரு காரணம். நாய்க்கு மனிதரைப்போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதன் மூலமே அது உடல் வெப்பத்தை வெளியேற்றுகிறது. சப்பை மூக்குடைய பக் போன்ற இனங்களுக்கு அதுவும் எளிதன்று. தில்லியிலும் நாகபுரியிலும் மே மாத நண்பகலில் உண்ண மறுத்துக் குளிர்ந்த தரையைத் தேடிக் கிடக்கும் நாயைச் சோம்பேறி என்பது அறியாமை. தீபாவளி நாட்களில் அது மிரண்டு ஒடுங்குவதும் அவ்வாறே. மனிதச் செவி வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். நாயின் செவி ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். வெடி ஓய்ந்த பின்னும் அதன் அச்சம் ஓய்வதற்குச் சிறிது காலம் பிடிக்கிறது.

கூண்டுக் கிளியின் மனநிலையைப் பற்றிச் சிலர் கவலைப்படுவதுண்டு. நம் நாட்டுப் பச்சைக்கிளிகளைப் பிடித்துக் கூண்டில் வளர்ப்பதே 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை அவர்கள் முதலில் அறிந்துகொள்வது நல்லது.

உடல் பேசும் மொழி

நோய் இல்லை என்று மருத்துவர் கூறிய பிறகு, பிராணி தன் உடலால் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். அமைதியிழக்கும் நாய் உடனே உறுமுவதில்லை. உறக்கம் வராதபோதே கொட்டாவி விடும், உணவு இல்லாதபோதே உதட்டை நக்கும், முகத்தை வேறுபுறம் திருப்பும், கண்ணின் வெண்பகுதி பிறைபோல ஓரத்தில் தெரியும், உடல் விறைக்கும். இவற்றை எவரும் பொருட்படுத்தாத பிறகே உறுமல் வருகிறது. வால் ஆடுவதெல்லாம் மகிழ்ச்சி என்று எண்ணுவதும் தவறு. விறைத்து நின்று வாலை ஆட்டும் நாயை நெருங்கலாகாது. பூனை வாலைத் தரையில் அடித்துக் காதுகளைப் பின்னே மடித்தால், தடவியது போதும் என்று பொருள்.

உறுமியதற்காக நாயை அடிப்பதைப்போன்ற பிழை வேறில்லை. உறுமல் என்பது எச்சரிக்கை. அடித்து அதை அடக்கிவிட்டால் உள்ளிருக்கும் அச்சம் போய்விடுவதில்லை. எச்சரிக்கை மட்டுமே போய்விடுகிறது. அடுத்தமுறை அந்த நாய் ஓசையின்றிக் கடிக்கக்கூடும். கடிபடுவது பெரும்பாலும் வீட்டுக் குழந்தையாக இருக்கும். தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் கடிபட்ட இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

திருவண்ணாமலையில் பகவான் ரமணர் ஆசிரமத்து நாய்களையும் பசுக்களையும் 'அது' என்று சுட்டுவதில்லை, 'அவன்', 'அவள்' என்றே குறிப்பிடுவார் என்று அடியார்கள் எழுதிவைத்துள்ளனர். 'அவன் ஏன் இப்படிச் செய்கிறான்?' என்று கேட்பவர் விடைக்காகக் காத்திருப்பார். 'அது இப்படித்தான்' என்பவர் காத்திருக்க மாட்டார்.

பதஞ்சலி முனிவர் ஒன்பது இடையூறுகளைச் சொன்ன கையோடு, அடுத்த சூத்திரத்தில் அவற்றின் கூட்டாளிகளையும் காட்டுகிறார். துன்பம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், சீரற்ற மூச்சு என்பவை அவை. நான்கில் இரண்டு உடலைச் சார்ந்தவை என்பது சிந்தனைக்குரியது. நாயின் உதட்டசைவைக் கண்டுகொள்ளப் பழகிய கண், தன் தாடை இறுகுவதையும் மூச்சு விரைவதையும் கண்டுகொள்ளும். கோபச் சொல் வாயிலிருந்து வெளிப்படுவதற்கு முன் ஓரிரு வினாடி இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியை அறியாதவருக்கு, சினம் காக்க வேண்டும் என்ற உபதேசம் எத்தனை முறை கேட்டாலும் பயன்படுவதில்லை.

கதவருகே காத்திருக்கும் கடிகாரம்

பெருநகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். திங்கள் முதல் வெள்ளி வரை கணவனும் மனைவியும் பணிக்குச் செல்கின்றனர். நாயை வெளியே அழைத்துச் செல்லும் நேரம் ஒருநாள் காலை 6 மணி, மறுநாள் 7.30. இரவு நெடுநேரம் செல்பேசியைப் பார்த்திருந்தால் 8 மணி. ஞாயிறன்று 9. மாலை உணவு, வீடு திரும்புவோரின் அலுப்பைப் பொறுத்தது. நாயோ கடிகாரம் பாராமலே காலத்தை உணரும். குக்கர் விசில், மின்தூக்கியின் ஒலி, சாவிக்கொத்தின் சலசலப்பு இவற்றைக் கொண்டு அடுத்து நடக்கப்போவதை அது எதிர்பார்த்திருக்கிறது. எதிர்பார்த்தது நாள்தோறும் பொய்த்தால் அது நிலைகொள்ளாமல் தவிக்கும், குரைக்கும், செருப்பைக் கடிக்கும். இதற்குப் பெயர்தான் மூடு சரியில்லாமை.

மாலை 7 மணிக்கு வீட்டுக்காரர் கதவைத் திறக்கிறார். கடித்த செருப்பைக் காட்டித் திட்டுகிறார். நாய் காதுகளைத் தாழ்த்தி, உடலைக் குறுக்கி, கடைக்கண்ணால் பார்க்கிறது. செய்த குற்றம் அதற்குத் தெரிந்திருக்கிறது என்று அவர் முடிவு செய்கிறார். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இந்தக் 'குற்றப் பார்வை'யைச் சோதித்தார். விலக்கப்பட்ட உணவை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தப் பார்வைக்கும் தொடர்பு காணப்படவில்லை. உரிமையாளர் திட்டியபோதுதான் அது தோன்றியது. ஒரு தவறும் செய்யாமலே திட்டு வாங்கிய நாய்களிடமும் தோன்றியது. சரமையின் குட்டி சொன்னது இதைத்தானே!

காலையில் கடித்த செருப்புக்கு மாலையில் கிடைக்கும் தண்டனையை நாய் இணைத்துப் புரிந்துகொள்வதில்லை. கதவு திறந்ததும் அடி விழுகிறது என்பதை மட்டும் அது கற்றுக்கொள்கிறது. மறுநாள் முதல் கதவோசையே அதற்கு அச்சமாகிறது.

வீட்டாரின் நிலை பிராணியில் படிவதற்குச் சான்று கிடைத்திருக்கிறது. ஸ்வீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் நாய்களின் ரோமத்திலும் உரிமையாளர்களின் தலைமுடியிலும், மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனை அளந்தனர். இரண்டும் நீண்டகால அளவில் ஒத்து ஏறி இறங்குவதைக் கண்டனர். முடியில் படிவது ஒருநாள் கோபத்தின் தடம் அன்று. மாதக்கணக்கான வாழ்க்கை முறையின் தடம். ஆகவே, பிராணியைத் திருத்துவதற்கு முன் வீட்டின் நேர ஒழுங்கைத் திருத்துவதே முறை. உணவிலும் உறக்கத்திலும் உழைப்பிலும் அளவோடு இருப்பவருக்கே யோகம் துன்பம் தீர்ப்பதாகும் என்று கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் பகவான் அர்ஜுனனுக்கு உரைக்கிறார். அந்த அளவு தவறும்போது துன்பப்படுவது தானொருவனே என்று இல்லறத்தான் நினைக்கிறான். அவன் காலடியில் இன்னொரு ஜீவனும் துன்பப்படுகிறது.

பேலூர் மடத்துப் பாகா

சுவாமி விவேகானந்தர் தமது இரண்டாம் மேலைநாட்டுப் பயணத்திலிருந்து 1900 டிசம்பரில் பேலூர் மடத்திற்குத் திரும்பினார். வாழ்வின் கடைசி ஆண்டுகளில் உடல்நலம் குன்றியிருந்த அவர், மடத்தில் நாய், ஆடு, வாத்து, பசு எனப் பல பிராணிகளை வளர்த்தார். அவரது ஆட்டுக்குட்டியின் பெயர் மத்ரு. அதன் கழுத்தில் சிறு மணிகள் கட்டியிருந்தார். இந்தப் பிராணிகள் எல்லை தாண்டி, சுவாமி பிரம்மானந்தர் அக்கறையோடு வளர்த்த காய்கறித் தோட்டத்தில் புகுந்துவிடும். உலகம் போற்றும் அவ்விரு துறவியரும் எல்லைக்கோட்டைப் பற்றிச் சிறுவர்களைப்போல வாதிடுவதைக் கண்டு மற்றவர் சிரிப்பார்களாம்.

பாகா என்பது மடத்து நாய். ஒருமுறை அது ஏதோ தவறு செய்ததால், கங்கையைக் கடந்து அக்கரையில் விட்டுவரச் செய்தனர். மாலையில் பாகா தானாகவே படகில் ஏறிக்கொண்டது. இறக்கிவிட முயன்றவர்களைப் பார்த்து உறுமியது. மடத்திற்கு வந்து, சுவாமிஜியின் குளியலறை வாசலில் இரவைக் கழித்தது. விடியற்காலை இருளில் அங்கே வந்த சுவாமிஜியின் காலில் அது இடறியது. அவர் அதைத் தட்டிக்கொடுத்துத் தேற்றினார். என்ன செய்தாலும் இனிப் பாகாவை வெளியேற்றக் கூடாது என்று மடத்தாரிடம் கூறிவிட்டார். சுவாமிஜிக்குப் பின்னும் வாழ்ந்த பாகா, இறந்தபோது மடத்து நிலத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

தொல்லை தரும் நாயைக் காரில் ஏற்றி ஊரின் மறுகோடியில் இறக்கிவிட்டு வருவது இன்றும் பல நகரங்களில் நடக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குத் திரும்பிவரப் படகு கிடைப்பதில்லை. பசியாலும் தாகத்தாலும் வாடும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி தண்டனைக்குரியது.

பாகாவிடம் இத்தனை பரிவு காட்டிய அதே சுவாமிஜி, மடத்தின் நேர ஒழுங்கில் சற்றும் தளர்வு காட்டவில்லை. கடைசி மாதங்களில், விடியற்காலை 4 மணிக்கு அறை அறையாகக் கைமணி அடித்துத் துறவியரை எழுப்ப வேண்டும், அரைமணி நேரத்திற்குள் அனைவரும் தியானத்திற்கு வந்துவிட வேண்டும் என்று விதித்தார். பரிவும் ஒழுங்கும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று எண்ணுவோர் பேலூர் மடத்தின் அந்நாட்களை எண்ணிப் பார்க்கலாம். பிராணிக்கு அன்பென்னும் பெயரில் நினைத்த நேரத்தில் பிஸ்கட் கொடுப்பவர் அதற்கு நன்மை செய்யவில்லை.

பழக்கம் ஊன்றும் விதம்

கிரகணத்தின்போது சங்கும் சேகண்டியும் ஒலித்தால், நீராட வரும் பக்தர்களோடு பாகாவும் கங்கையில் இறங்கும் என்று சுவாமிஜியின் வரலாறு எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அதே காலத்தில் ரஷ்யாவில் இவான் பாவ்லோவ், உணவுக்கு முன் ஒலிக்கும் ஓசையைக் கேட்டே நாய்க்கு உமிழ்நீர் சுரப்பதை ஆராய்ந்துகொண்டிருந்தார். மாறாத ஓர் அடையாளம், அதைத் தொடரும் செயல், உடனே கிடைக்கும் நிறைவு என்ற மூன்றும் சேர்ந்து பழக்கம் உருவாகிறது. நாய்க்குப் பாராட்டு ஓரிரு வினாடிக்குள் கிடைக்க வேண்டும். தாமதித்தால் எதற்காகப் பாராட்டு என்று அதற்குத் தெரியாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. உணவு மேசையருகே வந்து கெஞ்சும் நாய்க்கு ஒன்பது முறை மறுத்துப் பத்தாவது முறை ஒரு துண்டு கொடுத்தால், கெஞ்சும் பழக்கம் முன்னிலும் உறுதிப்படுகிறது. எப்போதாவது கிடைப்பது, எப்போதும் கிடைப்பதைவிட ஆழமாகப் பிடித்துக்கொள்ளும். இனி இரவில் செல்பேசியைத் தொடுவதில்லை என்று உறுதி எடுத்தவர், பத்தில் ஒருநாள் மனத்தின் கெஞ்சலுக்கு இணங்கும்போதும் இதுவே நிகழ்கிறது. மனம் அந்த ஒருநாளை மறப்பதில்லை.

சுவாமிஜியோடு பழகிய அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட உளவியல் நூலில், புதிய பழக்கம் வேரூன்றும்வரை ஒரு விலக்கும் அளிக்கலாகாது என்று கண்டிப்பாக எழுதினார். தீய பழக்கத்தை வெல்ல அதற்கு எதிரான நல்ல பழக்கமே வழி என்பது ராஜயோகத்தில் சுவாமிஜி தரும் விளக்கம். நாயை அதட்டித் தாவாமல் நிறுத்துவதைவிட, உட்காரக் கற்பித்துப் பாராட்டுவது எளிது என்று இன்றைய பயிற்சியாளரும் கூறுவர். உட்கார்ந்திருக்கும் நாயால் தாவ முடியாது.

எத்தனை நாளில் பழக்கம் ஊன்றும்? இருபத்தொரு நாள் என்று பலரும் சொல்லிக்கொள்கின்றனர். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு வேறுவிதமாகக் கண்டது. சராசரியாக 66 நாட்கள் ஆயின; ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 முதல் 254 வரை கணக்கிடப்பட்டது. இடையில் ஒருநாள் விடுபட்டதால் பெரிய கேடு நேரவில்லை என்பதும் தெரியவந்தது. நெடுங்காலம், இடையறாது, சிரத்தையோடு செய்யப்படும் அப்யாசமே உறுதிப்படும் என்ற பதஞ்சலியின் கருத்தில் 'நெடுங்காலம்' என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தவறிய ஒருநாளுக்காக வருந்தி மூன்று நாட்களை விடுவோர், அதைச் சிரத்தை என்று எண்ணி ஏமாறுகின்றனர்.

நடைமுறையில் இதை மிகச் சிறிய அளவில் தொடங்குவது நல்லது. காலை 5.30க்கு நாயின் நீர்க்கிண்ணத்தைக் கழுவி நிரப்புவது, 5.40க்கு அதை அழைத்துக்கொண்டு செல்பேசியின்றி நடப்பது, திரும்பியதும் கைகால் கழுவி அதே ஆசனத்தில் பத்து நிமிடம் ஜபம். ஒரு செயல் அடுத்ததற்கு மணியாகிறது. தன் பொருட்டு மட்டும் எழ வேண்டுமானால் மனம் நூறு சாக்குச் சொல்லும். கதவருகே ஒரு ஜீவன் காத்து நிற்கும்போது சாக்குகள் குறைகின்றன. ஞாயிற்றுக்கிழமைக்கும் இதே நேரம்தான். நாய்க்கு ஞாயிறு தெரியாது. பக்கத்தில் ஒரு சிறு குறிப்பேட்டில் பிராணி உண்டது, உறங்கியது, சீறியது ஆகியவற்றுடன் வீட்டாரின் உறக்கத்தையும் கோபத்தையும் ஒரே பக்கத்தில் எழுதிவந்தால், மூன்று வாரத்தில் எது எதைத் தொடர்கிறது என்பது தெரிந்துவிடும்.

இந்த ஒழுங்கும் காலப்போக்கில் மாற வேண்டியிருக்கும். பெரும்பாலான நாய்களுக்குப் பத்து வயதுக்குமேல் முதுமை. சிறுநீரை அடக்கும் ஆற்றல் குறையும். இரவில் உறங்காமல் சுவரைப் பார்த்து நிற்கும். பழகியவரையே சில வேளை அடையாளம் காணாது. 5.30க்குக் காத்திருந்த நாய் 4.30க்கே எழுப்பும். அப்போது கிண்ணம் நிரப்பும் நேரத்தை ஒருமணி முன்னே நகர்த்தி, வழுக்கும் தரையில் கோணிச் சாக்கை விரித்து, இரவில் ஒரு சிறு விளக்கை எரியவிட வேண்டும். எழுந்தவர் எழுந்தபடியே ஆசனத்தில் அமர்ந்துகொள்ளலாம். நாய் பக்கத்தில் படுத்துக்கொள்ளும்.